காரணம் என்ற கட்டம்

அத்தியாயம் 9

படுக்கையை விட்டு எழுந்திருக்க அக்காவுக்கு ஐந்து நிமிடம் ஆகும். முதலில் முழங்காலை மடக்க வேண்டும். பிறகு மரக்கட்டையை உருட்டுவது போல் உடம்பை மொத்தமாகப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். காலைக் கீழே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே தள்ளு. உட்கார்ந்ததும் வலி எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். அது எங்கேயும் போயிருக்காது.

அக்கா என்பது அவள் பெயர் இல்லை. பார்லரில் வேலை செய்தவர்கள், முடி வெட்டிக்கொள்ள வந்தவர்கள், தெருமுனை மருந்துக்கடைக்காரர் என்று எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட. எட்டு வாரமாக நமக்கும் அதுவே பழகிவிட்டது.

இந்த வாரம்தான் வந்து உட்காருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று வருடத்துக்கு முன்னால் தன் பார்லரிலேயே, தானே கழுவிவிட்ட தரையிலேயே, ஷாம்பு நுரையில் வழுக்கி விழுந்தவள் இவள். இடுப்பில் ஆபரேஷன் ஆயிற்று, தையல் ஆறியது. வலி மட்டும் போகவில்லை. மூன்று ஸ்கேன் எடுத்தார்கள். மூன்றிலும் ஒன்றும் இல்லை என்று வந்தது. நல்ல செய்தி கேட்டு நொறுங்கிப்போன மனுஷி உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

கணவர் லிஃப்ட்காரர். பதினோரு கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஊரையெல்லாம் மேலே ஏற்றி இறக்குகிற மனுஷனின் சொந்த வீடு முதல் மாடியில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், பதினெட்டுப் படிக்கு மேலே இருந்தது. அந்தப் படியில் அக்கா தனியாக இறங்கி ஏழு மாதம் ஆகிறது.

தினமும் காலையில் காபியோடு அவர் ஒரு கேள்வியும் கொண்டுவருவார். "இன்னைக்கு எத்தனை?" பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் அவள் ஒரு எண் சொல்ல வேண்டும். வீடு அந்த எண்ணில்தான் ஓடியது. ஆறைத் தாண்டினால் டிவி சத்தம் குறையும், வருகிறேன் என்ற விருந்தாளிக்கு இன்னொரு நாள் வரச்சொல்லிப் போன் போகும். எட்டைத் தாண்டினால் அவர் வேலைக்கே போகமாட்டார்.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால் அதற்கு முற்றுப்புள்ளி விழுந்தது. வலி சிகிச்சைப் பிரிவில் இருக்கும் ஆலோசகர் அம்மா, இனிமேல் யாரும் எண் கேட்கக் கூடாது, அவள் கேட்காமல் ஓடிப்போய் உதவியும் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டார். வலி நிஜம்தான், ஆனால் அது எவ்வளவு சத்தமாகப் பேச வேண்டும் என்பதில் பயத்துக்கும் தனிமைக்கும் பங்கு உண்டு என்று பொறுமையாகத்தான் விளக்கினார். அக்காவின் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று: உனக்கு மனசில்தான் கோளாறு.

வீட்டுக்கு வந்து லிஃப்ட்காரர் தன் பாணியில் விளக்கப் பார்த்தார். சில லிஃப்டில் கதவு மூடவே மூடாதாம். குறுக்கே யாரும் நிற்கமாட்டார்களாம். சென்சார் மேல் தூசி படிந்து, யாரோ நிற்பதாகவே அது நினைத்துக்கொண்டிருக்குமாம். கதவு நடிக்கவில்லையாம்.

"நான் என்ன லிஃப்டா?" என்று அக்கா கேட்டாள்.

அன்றிலிருந்து அந்த மனுஷன் சொன்ன சொல் தவறாத கிளிப்பிள்ளையாகிவிட்டார். காபி வந்தது, கேள்வி வரவில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்திருக்கும்போது அறை வாசலில் நின்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டபோது எரிச்சலாக இருந்த கேள்வி, கேட்காதபோது வீட்டையே சூனியமாக்கிவிட்டது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும், இவருக்கு என்ன தெரியும் என்று பன்னிரண்டு நாளும் அவள் மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

இதற்கு நடுவில் நேற்று சாயங்காலம் தங்கை போன் செய்தாள். அக்கா விழுந்த நாளிலிருந்து பார்லரை நடத்துகிறவள் அவள்தான். ஜன்னலோரம் இருக்கும் அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் நின்று வேலை செய்ய மூன்று வருடமாகத் தன்னைத் தவிர வேறு யாரையும் விட்டதில்லை. வரும் திங்கட்கிழமை புதிதாக ஒரு பெண் வேலைக்கு வருகிறாள். அந்த நாற்காலியை அவளுக்குக் கொடுக்கட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். 'கொடு' என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்தாள். ராத்திரி முழுக்க அந்த ஒரு வார்த்தை அவளைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு லிஃப்ட்காரர் வேலை இடத்திலிருந்து கூப்பிட்டார். பையின் ஜிப் அறுந்துபோனதால் புதுப் பைக்கு மாறினாராம், கட்டடத்துக்கு ஒன்றாக அவர் எழுதும் நோட்டுகள் எல்லாம் வீட்டில் பழைய பையிலேயே தங்கிவிட்டனவாம். "ஆஸ்பத்திரிக் கட்டடம்னு எழுதியிருக்கும் பாரு. அதுல கடைசிப் பக்கத்துல ஒரு மோட்டார் நம்பர் இருக்கு. அதை மட்டும் படிச்சுச் சொல்லிடு."

அக்கா படித்துச் சொன்னாள். அவர் நன்றிகூடச் சொல்லாமல் அவசரமாக வைத்தார். லிஃப்ட் குழிக்குள் இறங்கினால் அவர் போனுக்கு சிக்னல் இருக்காது என்பது அவளுக்குத் தெரியும்.

நோட்டுகளை மறுபடி அடுக்கும்போதுதான் எண்ணினாள். கட்டடம் பதினொன்று. நோட்டு பன்னிரண்டு இருந்தது.

பன்னிரண்டாவது நோட்டின் அட்டையில், மற்றதில் எழுதியிருந்த அதே குண்டு எழுத்தில், 'வீடு' என்று எழுதியிருந்தது.

உள்ளேயும் மற்ற நோட்டுகளில் போட்டிருந்த அதே கோடுகள். தேதி, நேரம், பழுது, காரணம், செய்த வேலை. லிஃப்டுக்கு எழுதிப் பழகிய கை, பெண்டாட்டிக்கும் அப்படியே கோடு போட்டிருந்தது. பழுது என்ற கட்டத்தில் அவள் சொன்ன எண்கள். அக்காவுக்கு அந்த நேரத்தில்கூட லேசாகச் சிரிப்பு வந்தது. அடுத்த கட்டத்துக்குக் கண் போனதும் சிரிப்பு நின்றது.

'8. காரணம்: மைத்துனி வந்து பார்லர் கதை பேசினாள்.'

'9. காரணம்: நான் வெளியூர் வேலைக்குப் போகலாமா என்று கேட்டேன்.'

'4. காரணம்: ரெண்டு பேரும் மாடியில் உட்கார்ந்து பழைய கதை பேசினோம்.'

'10. காரணம்: ஸ்கேன் ரிப்போர்ட் வந்தது. ஒன்றும் இல்லை என்றார்கள்.'

பக்கம் பக்கமாக இருந்தது. கடைசிப் பன்னிரண்டு நாளும்கூட இருந்தன. கேட்கக் கூடாது என்ற பிறகும், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்து அவராகவே எண் போட்டிருந்தார். நேற்றைய தேதியில், '9. காரணம்: நாற்காலி.' ஒரு எண்கூடத் தப்பில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

டாக்டர்கள் சொல்லட்டும், அந்த ஆலோசகர் அம்மா சொல்லட்டும். அவர்களுக்கு அவள் ஒரு ஃபைல். கூடவே படுத்து, கூடவே விழித்து, வெந்நீர்ப் பை மாற்றிக் கொடுத்த மனுஷன் மூன்று வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து இதைத்தான் கணக்குப் பார்த்தாரா? பிடிக்காதது நடந்தால் இவளுக்கு வலி வரும் என்றா? அழுகை வரவில்லை. நோட்டின் கடைசிக் கட்டத்தை அவள் பார்க்கவே இல்லை. அப்படியே கட்டில் மேல் விட்டெறிந்தாள்.

இனி அவளிடம் மிச்சம் இருந்தது அந்த நாற்காலி ஒன்றுதான். அதையும் நேற்று வாயால் தாரை வார்த்துவிட்டாள். அதைத் திரும்ப வாங்கவேண்டும். போனில் இல்லை, நேரில்.

பதினெட்டுப் படியையும் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினாள். ஒவ்வொரு படியிலும், இதோ இப்போது ஒன்று பிசகும், இப்போது கால் மரத்துப்போகும் என்று எதிர்பார்த்தாள். ஒன்றும் பிசகவில்லை. வலித்தது, அவ்வளவுதான். தெருவில் இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மருந்துக்கடைக்காரர் வெளியே ஓடிவந்து ஸ்டூல் போடட்டுமா என்று கேட்டார். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

பார்லரில் அவளுடைய நாற்காலி காலியாக இல்லை. டீச்சரம்மா உட்கார்ந்திருந்தார். முப்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கைத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு, கழுத்தில் துண்டோடு, தலை நனைந்து தயாராக இருந்தார். தங்கை பின்கட்டில் துண்டு அலசிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"நீயா?" என்றார் டீச்சரம்மா, கண்ணாடியில் பார்த்து. "நல்ல நேரத்துல வந்தே. உன் தங்கச்சி மூணு வருஷமா என்னை ஒரு பக்கம் ஏத்தி ஒரு பக்கம் இறக்கி வெட்டறா. நீயே வெட்டு."

"என்னால நிக்க முடியாது டீச்சரம்மா."

"இப்ப நின்னுட்டுத்தானே பேசறே."

அக்கா மேஜையின் இரண்டாவது இழுப்பறையைத் திறந்தாள். அவள் கத்தரி மெத்தென்ற துணியில் சுற்றி, அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. யாரும் தொடவில்லை. விரலில் மாட்டியதும் அது சரியாகப் போய் உட்கார்ந்தது. இரண்டு வெட்டு வெட்டிவிட்டு விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தாள்.

டீச்சரம்மாவின் பிடரியில் ஒரு சுழி உண்டு. மேலே வாரினால் இடப்பக்கம் புரளும், கீழே வாரினால் முள் மாதிரி நிற்கும். ஈரமாக இருக்கும்போதே, முடி போகிற போக்குக்கு எதிராக, நுனி நுனியாக எடுத்தால்தான் படியும். தங்கைக்கு இது தெரியாது. சொல்லிக்கொடுக்க அக்காவுக்கும் தோன்றியதில்லை. அக்கா சீப்பால் ஒரு கீற்று எடுத்தாள், வெட்டினாள். இன்னொன்று எடுத்தாள். டீச்சரம்மா பக்கத்து வீட்டுக்காரரின் தண்ணீர் மோட்டாரைப் பற்றி ஏதோ குறை சொல்லிக்கொண்டிருந்தார். சுழி மெல்ல அடங்கி வந்தது. இடப்பக்கம் காது வரைக்கும் வந்தாயிற்று.

நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று பதினான்கு. கத்தரியைக் கையில் எடுத்தபோது பதினொன்று பத்து.

நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடத்தில் வலி எங்கே இருந்தது?

தேடினாள். தேடியதும் வந்துவிட்டது, கூப்பிட்ட குரலுக்கு வாசலில் காத்திருந்தது மாதிரி. இடுப்பிலிருந்து இடது காலில் இறங்கி, குதிகால் வரைக்கும் ஓடியது. ஆனால் அக்காவை உலுக்கியது அது இல்லை. அது பழகிய வலி. நடுவில் அது இல்லாமல் இருந்த அந்த நான்கு நிமிடம்தான் அவளை உலுக்கியது. மற்றவர்களாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். அவளுக்குப் பயமாக இருந்தது. நான்கு நிமிடம் இல்லாமல் இருக்க முடியும் என்றால், இந்த மூன்று வருடம் என்ன? தனியாகப் படி இறங்காத ஏழு மாதம் என்ன? அந்த நோட்டில் எழுதியிருந்ததுதான் சரியா?

கத்தரி கையிலிருந்து மேஜை மேல் விழுந்தது.

"அக்கா!" தங்கை ஈரத்துண்டுகளோடு வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ, கண்ணெல்லாம் தண்ணீர். ஓடிவந்து கட்டிக்கொள்ளப் பார்த்து, பயந்து, கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். அடுத்த கணம் போனை எடுத்துவிட்டாள். அத்தான் எடுக்கவில்லை என்றதும் குரலாகவே பதிவு செய்து அனுப்பினாள். "அத்தான், அக்கா இங்க வந்திருக்கா. தனியா வந்திருக்கா. நின்னுக்கிட்டு முடி வெட்டறா. அவளுக்கு ஒண்ணும் இல்ல அத்தான், நல்லாத்தான் இருக்கா."

ஒண்ணும் இல்ல. மூன்று ஸ்கேனும் சொன்னதை இப்போது கூடப் பிறந்தவளும் சொல்லிவிட்டாள்.

அக்கா வாசலை நோக்கி நடந்தாள். குழம்பிப்போய்ப் பின்னாலேயே வந்த தங்கையைக் கூட வரவேண்டாம் என்று கையால் தடுத்தாள். டீச்சரம்மா கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். இடப்பக்கம் காதோடு ஒட்ட வெட்டியிருந்தது, வலப்பக்கம் தோள் வரைக்கும் தொங்கியது.

"பாதித் தலையோட விட்டுட்டு எங்கடி போறே?"

மிச்சத்தை நான் வெட்டிவிடுகிறேன் என்று தங்கை கத்தரியை எடுத்தாள். டீச்சரம்மா அதை வாங்கி, துணியில் சுற்றி, இழுப்பறைக்குள் வைத்து மூடினார். ஆரம்பித்தவளே முடிக்கட்டும் என்று சொல்லிவிட்டு, தலையில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு கைத்தடியை எடுத்தார்.

வீடு வந்து சேர்ந்ததை விவரமாகச் சொல்லி உங்களையும் வருத்தவேண்டாம். ஏழாவது படியில் அவள் உட்கார்ந்துவிட்டாள். மிச்சப் பதினொரு படியையும் கையை ஊன்றி உட்கார்ந்தபடியே பின்புறமாக ஏறினாள். அறைக்குள் கட்டிலோரத் தரையில் படுத்தவளால் கட்டில் மேல் ஏற முடியவில்லை. மாத்திரை கட்டிலின் அந்தப் பக்கம் இருந்தது. கை நீட்டி இழுத்ததில் போர்வையும், அதோடு அந்த நோட்டும்தான் வந்து விழுந்தன.

மல்லாந்து படுத்தபடி மறுபடி பிரித்தாள். தன்னையே இன்னும் கொஞ்சம் குத்திக்கொள்ளலாம் என்றுதான் பிரித்தாள். இந்த முறை கண் கடைசிக் கட்டத்துக்குப் போனது.

செய்த வேலை: 'வெந்நீர்ப் பை.' 'கால் பிடித்தேன்.' 'மைத்துனியை அடுத்த வாரம் வரச் சொன்னேன்.' 'வெளியூர் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.' 'என்ன செய்வது என்று தெரியவில்லை.' அதற்குக் கீழேயும் 'தெரியவில்லை.' அதற்குக் கீழே மேற்படிக் குறி போட்டு, மேற்படி, மேற்படி என்று ஒரு பக்கம் முழுக்க.

கடைசிப் பன்னிரண்டு நாளில் பதினோரு நாளுக்கு ஒரே வரிதான். 'வாசலில் நின்றேன்.' ஒரு நாள் மட்டும், 'வாசலில் நின்றேன். அழுகிறாள். போகவில்லை.'

அன்று அவர் பார்த்தார் என்பதே அக்காவுக்குத் தெரியாது. நோட்டை மார்பில் வைத்துக்கொண்டு, யாரும் இல்லாத வீட்டில் வாய்விட்டு அழுதாள். அழுவதற்கும் இடுப்பு வேண்டியிருந்தது, ஒவ்வொரு விம்மலும் அங்கே போய்க் குத்தியது.

மூன்று மணிக்கு லிஃப்ட்காரர் படியில் ஓடிவரும் சத்தம் கேட்டது. தங்கையின் குரலைக் கேட்டுவிட்டு, கையில் கிரீஸைக்கூடக் கழுவாமல் வந்திருந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. கல்யாணமான புதிதில் பார்த்த சிரிப்பு அது. கதவைத் திறந்து தரையில் கிடப்பவளையும், அவள் மார்பில் இருந்த நோட்டையும் பார்த்ததும் அது அப்படியே நின்றுபோயிற்று. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று வாசலிலேயே நின்றார்.

"வாசல்ல நிக்காதீங்க," என்றாள் அக்கா.

வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"நீ நடிக்கிறேன்னு நான் எழுதலம்மா," என்றார் கடைசியில். "பழுதுன்னு ஒண்ணு இருந்தா காரணம்னு ஒண்ணு எழுதித்தான் எனக்குப் பழக்கம். எழுதினா ஏதாவது புரியும், சரி பண்ணிடலாம்னு நினைச்சேன்."

"புரிஞ்சுதா?"

அவர் தலையை ஆட்டினார். இல்லை.

அக்கா நோட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். "கேளுங்க," என்றாள்.

"கேக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"இன்னைக்கு ஒரு நாள் கேளுங்க. பன்னெண்டு நாளா யாரும் கேக்காம செத்துட்டேன்."

"இன்னைக்கு எத்தனை?"

"ஒம்பது," என்றாள். "பதினொண்ணு பத்துலேருந்து பதினொண்ணு பதினாலு வரைக்கும் எதுவும் இல்ல. எனக்கே தெரியாம இல்ல. இதை உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன். வெளியில தெரிஞ்சா மூணு வருஷமும் பொய்னு ஆயிடும். நான் அதுக்கப்புறம் இருக்கவே முடியாது."

லிஃப்ட்காரர் சந்தோஷப்படவில்லை. படாமல் இருந்ததற்காக அந்த நேரத்தில் அவரை எவ்வளவு வேண்டுமானாலும் மன்னிக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. நோட்டை மெதுவாக எடுத்துச் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவினார். தேதி போட்டார். ஒன்பது என்று எழுதினார். காரணம் என்ற கட்டத்தில் பேனாவை வைத்து, வெகுநேரம் வைத்திருந்து, எதுவும் எழுதாமல் தாண்டினார். செய்த வேலை என்ற இடத்தில் ஒரே வார்த்தை எழுதினார்: 'கேட்டேன்.'

மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தார். தலைக்கு ஒரு தலையணை வைத்தார். வைத்துவிட்டு, சொல்லலாமா வேண்டாமா என்று விரலில் இருந்த கிரீஸைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன?"

"வர்ற வழியில உன் தங்கச்சிகிட்ட பேசினேன். அவ சந்தோஷத்துல புதுப் பொண்ணை வரவேண்டாம்னு சொல்லிட்டா. திங்கட்கிழமை நீயே வந்துடுவேன்னு..." குரல் இறங்கியது. "நானும் சரின்னு சொல்லிட்டேன். உன்னை இப்படிப் பார்க்கறதுக்கு முன்னாடி."

திரும்பக் கேட்கத்தான் அவள் அத்தனை தூரம் நடந்து போனாள். அது கேட்காமலே கிடைத்துவிட்டது. டீச்சரம்மாவின் பாதித் தலை, ஜன்னலோர நாற்காலி, காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் நிற்கவேண்டிய எட்டு மணி நேரம். நான்கு நிமிடம் தவிர மிச்சம் எல்லாவற்றிலும் அவள் நிற்க வேண்டும், எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நின்றுவிட்டால் மூன்று வருடம் பொய். விழுந்துவிட்டால் நாற்காலி போயிற்று.

"திங்கட்கிழமைக்கு இப்பவே பத்துன்னு எழுதி வெச்சுடுங்க," என்றாள்.

அவர் எழுதவில்லை. பேனா மூடியைப் போட்டுக் கழற்றி, போட்டுக் கழற்றிக் கொண்டிருந்தார். பிறகு, மூன்று வருடத்தில் ஒரு முறைகூடக் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"அந்தப் பத்து வலிக்கா, பயத்துக்கா?"

கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கண்ணை மூடி, உள்ளே இறங்கி, எது எது என்று உண்மையாகவே தேடிப்பார்த்தாள்.

"எனக்குப் பிரிச்சுப் பார்க்கத் தெரியலைங்க," என்றாள்.

லிஃப்ட்காரர் நோட்டைப் பார்த்தார். தேதி, நேரம், பழுது, காரணம், செய்த வேலை. அதை எழுதுவதற்கு அதில் கட்டம் இல்லை.